மழையில் நனைந்த பழைய டபுள் பேஸ், உள்ளே ஒரு கட்டை உருண்டது – எங்கிருந்து ஆரம்பிப்பது?

தக்கலைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் சர்ச்சில் பாடகர் குழு அறையை ஒழித்தபோது ஓடு ஒழுகிற மூலையில் ஒரு டபுள் பேஸ் (ஆளுயரப் பெரிய வயலின் மாதிரி வாத்தியம்) சாய்ந்து நின்றது. யார் கொண்டுவந்தது, எப்போது வந்தது, ஒருத்தருக்கும் தெரியவில்லை. கமிட்டியில் "சரியாக்க முடிந்தால் கொண்டு போ, இல்லையென்றால் அடுப்புக்கு ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள், ஆட்டோவில் ஏறாது என்பதால் மினி லாரி பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நான் பேஸ் கிட்டார் வாசிக்கிறவன், இதைத் தொட்டதுகூட இல்லை.

முன்பலகை, கீழ்ப்பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்கு விளிம்பை விட்டுப் பிரிந்திருக்கிறது. கம்பி முறுக்குகிற கீ எல்லாம் பச்சைக் களிம்பு பிடித்து இறுகிப்போய் இருக்கிறது. தூக்கும்போது உள்ளே ஒரு உருண்டைக் கட்டை கடகடவென்று உருண்டது, ஏதோ உடைந்த துண்டு என்று ஓட்டை வழியாக வெளியே எடுத்துப் போட்டேன், சின்னவன் அதை வைத்து கிட்டிப்புள் விளையாடிக்கொண்டிருக்கிறான். இருந்த மூன்று கம்பியில் ஒன்றை நேற்று முறுக்கிப் பார்த்தேன், கம்பியைத் தாங்கி நிற்கிற பிரிட்ஜுக்குக் கீழே பலகை லேசாகப் பதிகிற மாதிரி இருந்தது, பயந்து விட்டுவிட்டேன். நல்ல கம்பி செட் வாங்கிப் போட்டால் சரியாகுமா? எங்கள் ஊர் ஆசாரி பிரிந்த இடத்தில் வெள்ளைப் பசை வைத்து ஒட்டித் தருகிறேன் என்கிறார்.

கோட்டாறு வயலின்:
தம்பி, முதல் வேலையாக எழுந்து போய் அந்தக் கட்டையைப் பையனிடமிருந்து வாங்குங்கள்! அது உடைந்த துண்டு இல்லை, சவுண்ட் போஸ்ட். முன்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவே பசையே இல்லாமல் இறுக்கத்தில் மட்டும் நிற்கும், கம்பியைத் தளர்த்தினாலோ வாத்தியம் அடிபட்டாலோ விழுந்துவிடும். நான்கு கம்பியும் சேர்ந்து இழுக்கிற இழுப்பு 100 கிலோவைத் தாண்டும், அதில் ஒரு பங்கு பிரிட்ஜ் வழியாக முன்பலகையை அழுத்தும். தடித்த கம்பி இருக்கிற பக்கத்துப் பிரிட்ஜ் காலுக்குக் கீழே உள்ளே ஒரு நீளச் சட்டம் ஒட்டியிருக்கும், அது தாங்கிக்கொள்ளும். மெல்லிய கம்பிப் பக்கக் காலுக்கு இந்தக் கட்டைதான் முட்டு. அது இல்லாமல் இன்னும் நாலு சுற்று முறுக்கியிருந்தால் பலகை பிளந்திருக்கும். நேரத்துக்கு விட்டீர்கள்.

புதுக் கம்பி கடைசி வேலை. நல்ல ஸ்டீல் கம்பி செட் விலைக்கு இங்கே ஒரு சுமாரான கிட்டாரே வாங்கிவிடலாம், அதைக் கொண்டுபோய் பிரிந்துகிடக்கிற உடம்பில் மாட்டாதீர்கள்.

கட்டை நிற்க வேண்டிய இடம் மெல்லிய கம்பிப் பக்கக் காலுக்கு நேர் கீழே இல்லை, அந்தக் காலிலிருந்து ஒன்று இரண்டு செ.மீ. கம்பியின் அடிமுனை மாட்டுகிற வாலைப் பார்த்துத் தள்ளி. தரையில் ஊன்றுகிற கம்பியைக் கழற்றினால் அடியில் ஒரு துளை இருக்கும், அதில் கண்ணை வைத்து, முன்பலகையில் f எழுத்து மாதிரி இருக்கிற எஃப் ஓட்டை வழியாகப் போன் லைட் அடித்தால் உள்ளே முழுதும் தெரியும். பழைய கட்டை நின்ற இடத்தில் வட்டமாக ஒரு தடம் இருக்கும், தேடிப் பாருங்கள். கட்டையின் இரண்டு முனையும் பலகையின் வளைவுக்கு ஏற்பச் சாய்வாகச் செதுக்கியிருக்கும், முனை மழுங்கியிருந்தால் புதிதுதான் செய்ய வேண்டும். அதற்கு ஸ்ப்ரூஸ் (குளிர்நாட்டு ஊசியிலை) மரம் வேண்டும், வரவழைத்துத்தான் ஆக வேண்டும். நம் ஊர்ப் பலாவும் தேக்கும் அதற்கு வேண்டாம், மெத்தென்ற முன்பலகையை உள்ளிருந்து குத்திவிடும்.

குழித்துறை மரவேலை:
ஆசாரி அண்ணன் மேல் தப்பில்லை, கதவு ஜன்னலுக்கு அவர் சொல்வது சரிதான். ஆனால் இதில் வெள்ளைப் பசையை விடாதீர்கள். வஜ்ஜிரத்தில் (விலங்குத் தோலில் காய்ச்சிய பசை) ஒட்டிய வாத்தியம் சுருங்கி இழுபடும்போது ஒட்டு முதலில் விட்டுக்கொடுக்கும், பலகை தப்பிக்கும். வெள்ளைப் பசை விடாது, அப்புறம் பலகைதான் பிளக்கும். அதோடு அது ஊறின இடத்தில் பின்னால் வஜ்ஜிரம் பிடிக்கவும் பிடிக்காது. ஒரு மாண்டலினில் நானே செய்து, வெதுவெதுப்பான வினிகர் தொட்டுத் தொட்டு மூன்று நாள் சுரண்டினேன், அந்த நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது.

வஜ்ஜிரத்தைப் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டு, உப்பின பிறகு பாத்திரத்தை வெந்நீருக்குள் வைத்து 60 டிகிரி சுற்றில் இளக்குங்கள். கொதித்தால் வலு போச்சு. அதற்கு முன் விளிம்பு முழுவதையும் விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வாருங்கள், விட்டிருக்கிற இடம் சலசலக்கும், கண்ணுக்குத் தெரிகிற ஒரு சாண் மட்டும் என்று நம்பாதீர்கள். பழைய பசையை வெந்நீரில் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, பிறகு ஒட்டுங்கள். கிளாம்புக்கு நீளமான மரையாணி கம்பியும் இரண்டு பக்கமும் தோல் வைத்த மரக்கட்டையும் போதும்.

பின்பலகை தட்டையா, வளைவா? தட்டை என்றால் உள்ளே குறுக்குச் சட்டங்கள் இருக்கும், நம் மாவட்டத்தில் ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை, அந்தச் சட்டங்கள் விட்டுப்போவது சாதாரணம். எஃப் ஓட்டையின் விளிம்பையும் உற்றுப் பாருங்கள், அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். பிளைவுட் என்றால் பாதிக் கவலை போச்சு.

நீரோடி:
மேலே சொன்னதெல்லாம் முடிந்த பிறகு படிக்க வேண்டியது. பிரிட்ஜின் கால்கள் பலகையில் இடைவெளியே இல்லாமல் உட்கார வேண்டும், பலகை மேல் உப்புத்தாள் விரித்து அதன் மேலேயே தேய்த்து இழைப்பார்கள். கம்பி உயரம், விரல்பலகையின் கடைசியில், மெல்லியதற்கு 5–6 மி.மீ., தடித்ததற்கு 8–10 மி.மீ. என்று வைத்தால் கிட்டார் கைக்குத் தாங்கும். மழைக்காலத்தில் பலகை உப்பி உயரம் ஏறும், பிரிட்ஜ் காலில் திருகுச் சக்கரம் போட்டுவிட்டால் தொல்லையில்லை. தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸ், போன் டியூனர் பல சமயம் முழிக்கும், கம்பியின் சரி நடுவில் விரலை லேசாகத் தொட்டு மீட்டினால் 82 வரும், அதைப் பிடித்துக்கொள்ளும். சுருதி உங்கள் பேஸ் கிட்டாருடையதேதான்.

தக்கலைக்காரன்:
அண்ணன்மாரே, ரொம்ப நன்றி. கட்டை கிடைத்துவிட்டது, தென்னைமூட்டில் கிடந்தது, ஒரு முனை கூராகச் சீவப்பட்டிருக்கிறது, கிட்டிப்புள்ளுக்கு வசதியாக. ஆக புதிதுதான். எஃப் ஓட்டையில் அடுக்கு தெரிகிறது, பிளைவுட். தட்டிப் பார்த்ததில் பின்பக்கமும் முழங்கை நீளத்துக்குச் சலசலக்கிறது. ஆசாரியிடம் வஜ்ஜிரம் என்று சொன்னதும் "அது எங்க அப்பா காலத்துச் சாமானாக்கும்" என்று சிரித்தார், ஆனால் காய்ச்சத் தெரியுமாம். மழை விட்டதும் ஆரம்பிக்கிறோம். கீ களிம்புக்கு எதைப் போடலாம் என்று யாராவது சொல்லுங்கள்.

கோட்டாறு வயலின்:
கழற்றி எடுத்து மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, பல்சக்கரத்தில் கொஞ்சம் கிரீஸ். எந்த ஆணி எந்த ஓட்டை என்று போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சின்னவனைக் கொஞ்சம் தள்ளியே வையுங்கள்.