ஒமேகா சென்டாரி கண்ணில் படவே இல்லை: எத்தனை மணிக்கு, எங்கிருந்து பார்க்க வேண்டும்?

சேவூர்த் தோட்டம்

வணக்கம். அவிநாசிக்கு வடக்கே சேவூர்ப் பக்கத்தில் எங்கள் தோட்டம் இருக்கிறது. பத்துக்கு ஐம்பது பைனாகுலர் ஒன்று வைத்திருக்கிறேன். கார்த்திகைக் கூட்டத்தையும் ஓரியன் நெபுலாவையும் மொட்டைமாடியில் இருந்தே பார்த்துவிட்டேன். ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து மட்டும் அகப்படவில்லை. ஏப்ரல், மே மாதங்களில் நம் ஊரில் நன்றாகத் தெரியும் என்று படித்திருந்ததால், சித்திரை பிறந்த அன்றும் அதற்கடுத்த இரண்டு நாட்களும் இரவு எட்டு மணிக்கு மாடி ஏறித் தெற்கே தேடினேன். அவிநாசி, திருப்பூர் வெளிச்சம்தான் அடிவானம் முழுக்கத் தெரிந்தது. பைனாகுலரில் கோளாறா, நான் தேடிய இடம் தவறா?

மலைப்பயணி

அத்தனை வெளிச்சத்தில் கிடைக்காது. ஊட்டிக்கோ வால்பாறைக்கோ போய்ப் பாருங்கள்.

தாராபுரம் ஓய்வாசிரியர்

தம்பி, பைனாகுலரில் கோளாறு இல்லை. நேரம்தான் தவறு. சித்திரை முதல் தேதி இரவு எட்டு மணிக்கு அது தென்கிழக்கில் பத்துப் பாகை உயரம்கூட ஏறியிருக்காது. அந்த உயரத்தில் தூசியும் ஊர் வெளிச்சமும் அதை விழுங்கிவிடும். அன்று அது உச்சிக்கு வருவது நள்ளிரவு கடந்து 12.20 அளவில். அப்போது நேர் தெற்கில் சுமார் 31 பாகை உயரத்தில் நிற்கும். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் ஒரு முஷ்டி ஏறத்தாழ பத்துப் பாகை. அடிவானத்திலிருந்து மூன்று முஷ்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு நாளும் நான்கு நிமிடம் முன்னதாக உச்சிக்கு வரும். வைகாசி பிறக்கும்போது 10.20, ஆனி பிறக்கும்போது 8.15. ஆனியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகம் வந்துவிடும் என்பதால் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். முன்கூட்டியே பார்க்க ஆசை இருந்தால் பங்குனியில் பின்னிரவு இரண்டு மணிக்கு எழுந்துகொள்ளுங்கள்.

கடிகாரம் இல்லாமலும் நேரம் பார்க்கலாம். நான் மாணவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பேன். சப்தரிஷி மண்டலத்தின் வால் வளைவை அப்படியே நீட்டினால் சுவாதி வரும், இன்னும் நீட்டினால் சித்திரை நட்சத்திரம் வரும். அந்தச் சித்திரையும் ஒமேகா சென்டாரியும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் உச்சியைத் தொடுகின்றன. சித்திரை தெற்கில் தன் உச்ச உயரத்தை அடையும்போது, அதிலிருந்து நேர் கீழே மூன்றரை முஷ்டி இறங்குங்கள். அவ்வளவுதான்.

ஒரே ஓர் எச்சரிக்கை. சித்திரைப் பௌர்ணமியன்று முழுநிலா அந்த நட்சத்திரத்தின் பக்கத்திலேயே இருக்கும். அந்த வாரம் முழுவதும் முயற்சி வீண். அமாவாசையை ஒட்டிய நாட்களைப் பிடியுங்கள்.

உடுமலை வானம்

ஐயா சொன்ன நேரக் கணக்கு சரி. இடத்தைப் பற்றி நான் சொல்கிறேன். சேவூரில் இருந்து பார்த்தால் அவிநாசி, திருப்பூர், கோவை எல்லாமே உங்களுக்குத் தெற்கில்தான் கிடக்கின்றன; அதாவது பார்க்க வேண்டிய திசையிலேயே வெளிச்சம். நகரம் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். உடுமலைக்குத் தெற்கே வந்துவிட்டால் முன்னால் ஆனைமலை, அதற்கப்பால் காடு. ஒமேகா சென்டாரியின் உயரம் முக்கால் பாகைதான் கூடும், ஆனால் இருட்டு கிடைக்கும்.

மலைக்குள் போகச் சொன்னவருக்கு ஒரு வார்த்தை: பள்ளத்தாக்கில் நின்றால் தெற்குச் சரிவே மறைத்துவிடலாம். மலையடிவாரத்தை ஒட்டியும் நிற்காதீர்கள். அமராவதி, திருமூர்த்தி அணைப் பக்கங்களில் யானை நடமாட்டம் உண்டு. இரவில் அங்கே சுற்றக் கூடாது. தெரிந்தவர்களின் தோட்டத்துக் களத்துமேடுதான் நல்லது.

தென்னையையும் கணக்கில் எடுங்கள். இருபது மீட்டர் உயரத் தென்னை முப்பத்தைந்து மீட்டர் தள்ளி நின்றால் முப்பது பாகை வரை மறைத்துவிடும். எங்கள் தோப்புக்குள் இருந்து மூன்று வருடம் தேடியும் கிடைக்காமல், சோளக்காட்டுக்கு நகர்ந்த அன்றே பார்த்தேன். காற்றாலைகளின் சிவப்பு விளக்கு கண்ணை அதிகம் கெடுக்காது. கோழிப்பண்ணை விளக்குதான் கெடுக்கும். அது கண்ணில் படாத இடத்தில் அரை மணி நேரம் இருட்டில் இருந்துவிட்டுப் பைனாகுலரை எடுங்கள்.

சேவூர்த் தோட்டம்

அமாவாசைக்கு மறுநாள், உடுமலைக்குத் தெற்கே என் அக்காவின் தோட்டத்துச் சாளைக்குப் போனேன். கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டு, சித்திரை உச்சிக்கு வரும்வரை காத்திருந்தேன். அதிலிருந்து பைனாகுலரைக் கீழே இறக்கியதும் மங்கலாக ஒன்று கிடைத்தது. எத்தனை முறை ஃபோகஸைத் திருப்பினாலும் புள்ளியாகவில்லை. கொட்டை நீக்கிய பஞ்சு போலவே இருந்தது. தனித்தனி நட்சத்திரம் ஒன்றும் பிரியவில்லை. அதுதானா? உறுதி செய்துகொள்ள வழி உண்டா?

தாராபுரம் ஓய்வாசிரியர்

அதுதான் தம்பி! புள்ளியாகாமல் இருப்பதே அடையாளம். இருட்டில் வெறும் கண்ணுக்கு அது மங்கிய நட்சத்திரமாகத் தெரிவதால் பண்டைய வானியலாளர் டாலமி தன் பட்டியலில் நட்சத்திரமாகவே சேர்த்தார். ஒமேகா என்ற எழுத்தும் 1603-இல் நட்சத்திர வரைபடம் வெளியிட்ட பேயர் அப்படி எண்ணி வைத்ததுதான். 1677-இல் செயின்ட் ஹெலினா தீவில் இருந்து பார்த்த வானியலாளர் ஹாலிதான் அது தனி நட்சத்திரம் அல்ல என்று குறித்தார். சுமார் 17,000 ஒளியாண்டு தொலைவில் ஏறத்தாழ ஒரு கோடி நட்சத்திரங்கள் நெருங்கிக் கிடக்கும் கோளக் கொத்து அது. உங்கள் பைனாகுலரில் பிரியாது. ஆறு அல்லது எட்டு அங்குலத் தொலைநோக்கி இருந்தால் ஓரங்களில் மணல் தூவியதுபோல் பிரியத் தொடங்கும்.

உறுதி செய்ய: தென் சிலுவை நட்சத்திரக் கூட்டத்துக்கு இடப்பக்கம், அடிவானத்துக்கு அருகில் இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள் இருக்கும். அவற்றில் சிலுவைக்கு அருகில் உள்ளது பீட்டா சென்டாரி. அதிலிருந்து மேலே சற்று வலப்பக்கமாக எப்சிலான் சென்டாரி. அந்தக் கோட்டை அதே அளவு நீட்டினால் உங்கள் பஞ்சில் போய் முடிய வேண்டும்.

சேவூர்த் தோட்டம்

நேற்றிரவு அந்தக் கோட்டைப் போட்டுப் பார்த்தேன் ஐயா. சரியாக அதிலேயே முடிந்தது. அக்கா மகளும் பார்த்தாள். பைனாகுலரைத் திருப்பித் தரவே மனமில்லை அவளுக்கு.

உடுமலை வானம்

மிகவும் மகிழ்ச்சி. அடுத்த முறை பஞ்சைக் காட்சி வட்டத்தின் கீழ் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, நாலரைப் பாகை மேலே பாருங்கள். சென்டாரஸ் ஏ என்ற விண்மீன் திரள் (கேலக்ஸி) மிக மங்கலாக இருக்கும். நேராகப் பார்த்தால் மறைந்துவிடும், கண்ணோரத்தால் பாருங்கள். அதற்கு நிலா துளியும் கூடாது. குழந்தையையும் அழைத்து வாருங்கள், எங்கள் சோளக்காட்டுக்கு.