எரெபஸ், டெரர்: கப்பல் மேல் பழி போடுவது நியாயமா?

கடற்காகம்:
ஆர்க்டிக் வழியாக அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக்குக்குப் போகும் வடமேற்கு வழியைத் தேடி, 1845-ல் எரெபஸ், டெரர் என்ற இரண்டு பிரிட்டிஷ் கப்பல்களோடு போய்த் தொலைந்த பிராங்க்ளின் பயணத்தைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் "கப்பல் தங்கமான கப்பல், பனிதான் கெடுத்தது" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. டெரரை 1813-ல் கட்டியது கரையோரக் கோட்டைகள் மேல் குண்டு வீச, 1814-ல் பால்டிமோரின் மெக்ஹென்றி கோட்டையை அடித்த கப்பல்களில் அதுவும் ஒன்று. மோர்ட்டார் பீரங்கியின் உதையைத் தாங்க அடிமரமும் வங்கும் (கப்பலின் விலாச் சட்டங்கள்) கனமாகப் போட்டிருந்தார்கள், அதனால் பனியையும் தாங்கும் என்று பிரிட்டிஷ் கடற்படை கணக்குப் போட்டது. பீரங்கி கீழ்நோக்கி உதைக்கும், பனி பக்கவாட்டில் நெருக்கும், இரண்டும் ஒன்றா? 1845-ல் அதற்குள் ஒரு ரயில் எஞ்சினை வேறு இறக்கினார்கள், அதுவும் சுமார் 25 குதிரைத்திறன்தான். இரண்டு கப்பல்களிலும் பனிக்குள் போன 129 பேரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. நார்வேக்காரர் நான்சென் 1893-ல் பிராம் என்ற கப்பலில் தன்னையும் சேர்த்து 13 பேராகக் கிளம்பி மூன்று வருடம் பனிக்குள்ளேயே கிடந்தார், 13 பேரும் வீடு வந்து சேர்ந்தார்கள்.

சுக்கான்72:
பிராமைக் கட்டியது 1892-ல். 1845-ல் இல்லாத கப்பலோடு ஒப்பிட்டால் எப்படி? இதே டெரர் 1836-ல் கேப்டன் ஜார்ஜ் பேக்கோடு கனடாவின் ஹட்சன் விரிகுடா பக்கம் போய், பத்து மாதம் பனியில் மாட்டி, பனி தூக்கிப் போட்டும் உடையாமல், ஒழுகிக்கொண்டே அயர்லாந்து வரை வந்து கரை ஏறியது. அப்புறம் கேப்டன் ஜேம்ஸ் ராஸோடு நான்கு வருடம் தென்முனைப் பக்கம். இதையெல்லாம் விட முக்கியமானது ஒன்று. 1848 ஏப்ரலில் பிராங்க்ளினின் ஆட்கள் இரண்டு கப்பல்களையும் விட்டுவிட்டுப் போனது கனடாவின் ஆர்க்டிக்கில் உள்ள கிங் வில்லியம் தீவின் வடமேற்கே. எரெபஸ் 2014-ல் கிடைத்தது அதற்கு வெகு தெற்கே, டெரர் 2016-ல் அதே தீவின் தென்மேற்கு விரிகுடாவில். அதாவது, நீங்கள் பனி நசுக்கிவிட்டது என்று நினைக்கும் கப்பல்கள் பனியிலிருந்து தப்பி இவ்வளவு தூரம் வந்திருக்கின்றன! டெரருக்குள் எடுத்த படத்தில் பீங்கான் தட்டுகள் அலமாரியில் அடுக்கியபடியே இருக்கின்றன. 170 வருடத்துக்கு மேல் ஆன பிறகும்.

கடற்காகம்:
தட்டு உடையவில்லை, சரி. தட்டில் சாப்பிட ஆள் எங்கே?
பிராமின் வடிவத்தைப் பாருங்கள். கப்பல் கட்டுநர் கோலின் ஆர்ச்சர் அதைத் தேங்காய் மூடி மாதிரி உருண்டையாகக் கட்டினார், விரல் இடுக்கில் அழுத்தின புளியங்கொட்டை நழுவுகிற மாதிரி பனி நெருக்கினால் மேலே எழும்பிவிடும். 1881-ல் ஜானெட் என்ற அமெரிக்கக் கப்பல் சைபீரியக் கடலில் நசுங்கி மூழ்கியது, அதன் சாமான்கள் மூன்று வருடம் கழித்து கிரீன்லாந்தில் ஒதுங்கின. பனி நகர்கிறது, அதோடு கப்பலும் போகும் என்று அதை வைத்துத்தான் நான்சென் யோசித்தார். இங்கிலாந்துக்காரர்களோ பலகை மேல் பலகை, இரும்புத் தகடு, அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் மரம்.

வெண்கரடி:
இரண்டு பேரும் கப்பலையே பிடித்துத் தொங்குகிறீர்கள். (அந்த உருண்டைப் பிராம் திறந்த கடலில் ஆடின ஆட்டத்தைப் படித்தால் எனக்கே குமட்டும், அது வேறு விஷயம்.) நார்வேக்காரர் அமுண்ட்சென் 1903-ல் வடமேற்கு வழியைத் தாண்டப் புறப்பட்டது யோவா என்கிற 47 டன் மீன்பிடிக் கப்பலில், மொத்தம் ஏழு பேர். அது ஒன்றும் கோட்டை இல்லை, வழியில் பாறையில் ஏறி, மேல்தளச் சரக்கைக் கடலில் வீசித்தான் மிதக்க வைத்தார்கள். ஆனால் அவர் கிங் வில்லியம் தீவின் கிழக்குப் பக்கமாகப் போனார். பிராங்க்ளின் வரைபடத்தில் அது தீவே இல்லை, நிலத்தோடு ஒட்டினது. அதனால் மேற்கே திரும்பி, வடக்கிலிருந்து கெட்டிப் பனி வந்து குவிகிற இடத்தில் நேராகத் தலையைக் கொடுத்தார். அமுண்ட்சென் இரண்டு குளிர்காலம் அங்கே வாழும் நெட்சிலிக் இன்யூட் மக்களோடு பழகி உடையும் பனிச்சறுக்கு வண்டியும் கற்றுக்கொண்டார். மூழ்கின கப்பல் எங்கே என்று இன்யூட்காரர்கள் தலைமுறையாகச் சொல்லி வந்ததைக் காதில் வாங்கத்தானே நமக்கு இவ்வளவு காலம் ஆனது.

சுக்கான்72:
வரைபடம் பற்றிச் சொன்னது சரி. நான் சொல்ல வந்ததும் அதுதான், கப்பலைத் திட்டாதீர்கள்.

கடற்காகம்:
கிழக்கு வழி தெரிந்திருந்தால் மட்டும்? 372 டன் எரெபஸ் அந்த ஆழமில்லாத நீரில் எங்கே போயிருக்கும்? 47 டன் யோவாவே தட்டியது. பெரிய கப்பல் என்றால் நூறு பேருக்கு மேல் வேண்டும், அந்த நூறு பேருக்கு வேட்டையாடிச் சோறு போட அந்தத் தீவில் என்ன இருக்கிறது? அப்போதும் கப்பல்தானே காரணம்.

வெண்கரடி:
இதை ஒத்துக்கொள்கிறேன். தப்பு அளவில். வலுவில் இல்லை.

கடற்காகம்:
வலுவிலும்தான். சுக்கானையும் உந்தியையும் (கப்பலைத் தள்ளும் சுழல் விசிறி) பனி உடைக்காமல் மேலே தூக்கிக்கொள்கிற ஏற்பாடு பிராமில் இருந்தது, இவர்களுக்கு அது தோன்றவே இல்லை.

சுக்கான்72:
தோன்றியது சார். எரெபஸ், டெரர் இரண்டிலும் உந்தியைத் தூக்கி உள்ளே வைக்க இரும்புக் கூடு இருந்தது, 1845-லேயே. அந்த வரியையாவது திருத்திவிடுங்கள், மற்றதை நாளைக்குச் சண்டை போடலாம்.