தொடர் மழையில் கொப்புள நோயும் ஈரக் கொழுந்தும்: எங்கே பிழை?

கேள்வி (தலவாக்கலை, சிற்றுடைமை):
ஒன்றரை ஏக்கர் வீ.பி. தேயிலை (வெட்டுத்தண்டில் வளர்த்த கன்று). பாதி மலை (தேயிலை நிலம்) கவ்வாத்து வெட்டி இப்போதுதான் துளிர்க்கிறது. ஜூன் பிறந்ததிலிருந்து வெயிலே இல்லை. இளம் இலையில் எண்ணெய் பட்டது போல வட்டப் புள்ளி, சிலவற்றின் அடியில் வெள்ளை. 10 நாளைக்கு ஒரு தடவை செம்பு மருந்து அடித்தும் நிற்கவில்லை. மழையால் கொழுந்து எடுப்பதும் 12 நாளாகத் தள்ளிப்போகிறது. ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) தண்ணீருக்கென்று எடையில் நிறையக் கழிக்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில் (ஹட்டன்):
கவ்வாத்து மலைக்கு 10 நாள் இடைவெளி போதவே போதாது அண்ணா. செம்பு இலையின் மேல் நின்று பூசண வித்து முளைக்காமல் தடுக்கும். உள்ளே போய்விட்ட பூசணத்தை ஒன்றும் செய்யாது. இன்றைக்கு அடித்தால் நாளை விரியும் இலையில் மருந்து இல்லை. அதனால் துளிர் வந்ததிலிருந்து மட்டம் உடைக்கும் வரை (துளிர்களை முதன்முறை ஒரே உயரத்தில் கிள்ளும் வரை) 4, 5 நாளுக்கு ஒரு தடவை அடிக்க வேண்டும். கொழுந்து எடுக்கும் மலைக்கு 7 நாள் சுற்று. எடுத்து முடித்த கையோடு அடித்தால் அடுத்த பறிப்புக்கு முழு இடைவெளி கிடைக்கும், எச்சமும் குறையும். அளவுக்குப் போத்தல் லேபிளைப் பாருங்கள், கூட்டிக் கலக்காதீர்கள்.

நாட்காட்டியைவிட வெயிலைக் கணக்கெடுங்கள். 5 நாள் சராசரி வெயில் நாளொன்றுக்கு 4 மணித்தியாலத்துக்குக் குறைந்தால் நோய் ஏறும். முள்முருங்கைக் கிளைகளை மழைக்கு முன்பே கழித்திருக்க வேண்டும். இப்போதாவது வெட்டிவிடுங்கள், இலை காயட்டும்.

12 நாள் சுற்றுத்தான் பெரிய கேடு. வெள்ளைக் கொப்புளம் வெடித்து வித்துப் பரப்பும் வரை அந்த இலை செடியிலேயே நிற்கிறது. 7 நாளில் எடுத்தால் பெரும்பாலும் அதற்கு முன்பே கூடைக்கு வந்துவிடும். மழை என்றாலும் சுற்றை விடாதீர்கள்.

பதில் (ஸ்டோர் வேலை, நானுஓயா):
கழிவு ஏன் என்று கணக்கைப் பாருங்கள். 100 கிலோ கொழுந்தில் 77 கிலோ நீர், 23 கிலோதான் சரக்கு. ஈரம் 55 வீதத்துக்கு வரும் வரை வாட்டினால் 51 கிலோ மிஞ்சும், அதாவது 49 கிலோ நீர் போக வேண்டும். மேலே 15 கிலோ மழைத் தண்ணீர் ஒட்டியிருந்தால் 64 கிலோ. பனிமூட்டத்தில் வெளிக்காற்று அதை இழுக்காது. சூடு கலந்து, வெப்பமானியின் உலர் குமிழுக்கும் ஈரத்துணி சுற்றிய ஈரக் குமிழுக்கும் 4 பாகை செல்சியசாவது வித்தியாசம் வர வேண்டும். அவசரப்பட்டு 35 பாகையைத் தாண்டினால் ஓரம் கருகி நடு இலை பச்சையாகவே நிற்கும். தேநீர் பச்சைவாடை அடிக்கும்.

உங்கள் பக்கம் செய்யக்கூடியது: சாக்கில் 10 கிலோவுக்கு மேல் திணிக்காதீர்கள், கூடையில் அமுக்காதீர்கள். ஈரக் கொழுந்து அமுங்கிச் சூடேறினால் சிவந்துவிடும். அதை ஸ்டோரில் யாராலும் மீட்க முடியாது. பாரம் எடுக்கும் வரை நிழலில், கம்பிவலை மேல் பரப்பி வையுங்கள்.

பதில் (பண்டாரவளை):
ஒன்று மட்டும். ஊவாப் பக்கத்து நாட்காட்டியைப் பார்த்து மருந்து அடிக்காதீர்கள். உங்களை நனைக்கும் அதே தென்மேல் காற்று மலை தாண்டி இங்கே வரண்ட கச்சான் காற்றாக இறங்குகிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரை எங்களுக்கு வாசனைக் காலம் (தேயிலை நல்ல மணம் தரும் காலம்). கொப்புளம் எங்களுக்கு வடகீழ் மழையோடு, நவம்பருக்குப் பிறகுதான் ஏறும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. மட்டம் உடைக்கும் வரை 5 நாள் சுற்றில் அடிக்கிறேன். மருந்து அடித்த ஒரு மணித்தியாலத்தில் மழை கொட்டினால்?

பதில் (ஹட்டன்):
காயாமல் கழுவுப்பட்டிருந்தால் இலை காய்ந்ததும் திரும்ப அடியுங்கள். இந்த மாதத்தில் பெரும்பாலும் காலை 10 மணிக்குள் ஒரு இடைவெளி கிடைக்கும், அதற்குத் தயாராகக் கலந்து வையுங்கள்.