உணர்வு வற்றிய நாட்களில் தேவ சமுகத்தை எப்படி அறிவது?

கேள்வி: காட்பாடி சகோதரி

கர்த்தருக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். எங்கள் சபையில் எழுந்து நின்று இதைக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து 14 மாதங்கள் ஆகின்றன. வலது கையும் காலும் விளங்கவில்லை, பேச்சும் போய்விட்டது. கணவர் ஓசூரில் வேலை பார்க்கிறார். சனிக்கிழமை இரவு வந்து ஞாயிறு மாலை புறப்பட்டுவிடுவார். நான் பள்ளிக்குப் போயிருக்கும் நேரத்துக்கு மட்டும் ஓர் அம்மாள் வந்து பார்த்துக்கொள்கிறார். மற்ற நேரமெல்லாம் நான்தான். படுக்கைப்புண் வந்துவிடக் கூடாது என்பதற்காக இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். இரவு 11, 1, 3, 5 என்று கைப்பேசியில் அலாரம் வைத்திருக்கிறேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நாங்கள் தாயும் மகளும் போல இருந்தவர்கள் அல்ல. என் முதல் பிரசவத்தின்போது அவர் சொன்ன ஒரு சொல்லை 19 ஆண்டுகளாக மனத்தில் வைத்திருக்கிறேன். அவர் இப்போது பேச முடியாதவராகிவிட்டதால், அதைப் பற்றி இனிப் பேசித் தீர்க்கவும் வழியில்லை.

புத்தாண்டு ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில், "என் சமுகம் உனக்கு முன்பாகச் செல்லும், நான் உனக்கு இளைப்பாறுதல் தருவேன்" என்ற யாத்திராகமம் 33:14 இருந்தது. அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறேன். பால் எடுக்கும்போதெல்லாம் கண்ணில் படுகிறது. இளைப்பாறுதலும் இல்லை, தேவன் கூடவே இருக்கிறார் என்கிற அந்தச் சமுகமும் தெரியவில்லை. முழங்காலில் நின்றால் சுவரோடு பேசுவது போல இருக்கிறது. போன மாதம் நடந்த நற்செய்திக் கூட்டத்தில் என்னைச் சுற்றி எல்லாரும் கண்ணீரோடு துதித்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும், ஏழு மணிக்குள் வீட்டுக்குப் போய் அவரைப் புரட்ட வேண்டுமே என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேவ சமுகம் என்பது உணர வேண்டிய ஒன்றா? உணர்வு வரவில்லை என்றால் குறை என்னிடத்தில்தானா? வேலைக்கும் வீட்டுக்கும் இடையே ஓடுகிறவர்கள் அதை எங்கே, எப்படிக் காண்கிறீர்கள்?

பதில் 1: குடியாத்தம் ஊழியர்

அன்பான சகோதரி, மன்னியாமை ஜெபத்துக்குப் பெரிய தடை என்று வேதம் தெளிவாகச் சொல்லுகிறது. அந்தப் பழைய சொல்லைக் கர்த்தருடைய பாதத்தில் இறக்கிவைத்துவிட்டு, மூன்று நாள் உபவாசமிருந்து, அதிகாலையில் துதி செலுத்திப் பாருங்கள். துதிகளின் மத்தியில் வாசமாயிருக்கிற தேவன் நிச்சயமாக உங்களோடு பேசுவார். உங்களுக்காக ஜெபிக்கிறோம்.

பதில் 2: ஓய்வுபெற்ற உடற்பயிற்சிச் சிகிச்சையாளர், கரிகிரி

மகளே, மேலே எழுதிய தம்பி அன்பினால்தான் எழுதினார் என்று அறிவேன். ஆனாலும் இரவு மூன்று மணிக்கு எழுந்து நோயாளியைப் புரட்டுகிற பெண்ணை உபவாசமிருக்கச் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. நீ முதலில் சாப்பிடு. எலியா சூரைச்செடியின் கீழ்ப் படுத்துக்கொண்டு, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று சொன்னபோது, தூதன் அவனுக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. எழுந்து சாப்பிடச் சொன்னான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருந்தன. அவன் புசித்துக் குடித்துத் திரும்பவும் படுத்துக்கொண்டான். தேவன் அவனோடு பேசின மெல்லிய சத்தமெல்லாம் அதற்கு நாற்பது நாளுக்குப் பிறகு வந்ததுதான்.

உன் கேள்விக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த தொழிலை வைத்துத்தான் எனக்குப் பதில் சொல்லத் தெரியும். உன் ஊரிலிருந்து அதிகத் தொலைவில்லாத கரிகிரியில், 1955-இல் தொடங்கப்பட்ட தொழுநோய் மருத்துவமனையில் என் வேலைக்காலம் முழுவதும் கழிந்தது. 1946-இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் காலம் வரைக்கும், தொழுநோயாளியின் விரல் தானாகவே அழுகி விழுகிறது என்றுதான் பெரும்பாலோர் நினைத்திருந்தார்கள். அவர் நோயாளிகளோடு இருந்து கவனித்தபோது வேறொன்று தெரிந்தது. நோய் நரம்பைத் தாக்குவதால் உணர்ச்சி போகிறது. உணர்ச்சி போனதால் சுடுவதும் குத்துவதும் தெரிவதில்லை. தெரியாத காயங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்ந்துதான் விரலைத் தின்கின்றன. கொதிக்கும் குழம்புச் சட்டியைத் துணியில்லாமல் இறக்கி வைத்துவிட்டு, மறுநாள் கொப்புளத்தைப் பார்த்து, இது எப்போது வந்தது என்று கேட்பவர்களை நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன்.

அவர்களுக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: உணர்ச்சி இல்லாத இடத்தில் கண் வேலை செய்ய வேண்டும். ஒவ்வொரு நாளும் கால்களைத் தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, விரல் இடுக்கு, குதிகால், உள்ளங்கால் என்று ஓர் இடம் விடாமல் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் கண்ணாடியைக் கீழே வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பெரியவர் செருப்பை ஒவ்வொரு முறையும் கவிழ்த்துத் தட்டிவிட்டுத்தான் போடுவார். ஒரு நாள் அதிலிருந்து கருவேல முள் விழுந்தது. "காலுக்குத் தெரியாதுங்க ஐயா, கண்ணுக்குத் தெரியும்" என்று சிரித்தார்.

உணர்ச்சி போய்விட்டதனால் அவருடைய கால் இல்லாமல் போய்விடவில்லை. கால் இருந்தது; அதை அறிகிற வழிதான் மாறிவிட்டது. உனக்கும் இப்போது அப்படித்தான் என்று நினைக்கிறேன். 14 மாதத் தூக்கமின்மை எந்த நரம்பையும் மரத்துப்போகச் செய்யும். உணர்வு திரும்பும் வரைக்கும் கண்ணால் பார். அன்றைக்கு உன் தலைமாட்டில் என்ன வைக்கப்பட்டிருந்தது என்று, இரவு 11 மணிக்கு அவரைப் புரட்டிய பிறகு ஒரு நிமிடம் மட்டும் தேடிப் பார். நன்றி சொல்லித்தான் ஆக வேண்டும் என்று உன்னை நெருக்காதே; பார்த்தால் போதும். ஒன்றும் தென்படாத நாளும் இருக்கும். 88-ஆம் சங்கீதத்தைப் படித்துப் பார். அது இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது, ஆறுதலான ஒரு வரி கூட இறுதியில் இல்லை. ஆனாலும் அதைப் பாடினவன் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று கூப்பிட்டுத்தான் தன் முறையீட்டைத் தொடங்குகிறான். சுவரோடு பேசுகிறவன் சுவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டான்.

பதில் 3: விடுதிக்காரர், வேலூர்

ஐயா எழுதியதை ஒப்புக்கொள்கிறேன்; ஓர் எச்சரிக்கையை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். கண்ணால் பார்க்கத் தொடங்கினால், நல்லது நடந்தால் தேவன் இருக்கிறார், நடக்காவிட்டால் இல்லை என்று கணக்குப் போடுகிற பழக்கமும் கூடவே வந்துவிடும். நான் பெரிய மருத்துவமனைக்கு அருகே ஒரு விடுதியில் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் திரிபுராவிலிருந்தும் வருகிறவர்கள், அடுப்பும் பாத்திரமும் வாடகைக்கு எடுத்து அறையிலேயே சமைத்துக்கொண்டு, வாரக்கணக்கில் தங்குவார்கள். ஓர் அறையில் பரிசோதனை முடிவு நன்றாக வந்தது என்று இனிப்பு கொடுப்பார்கள். அதே மாலையில் அடுத்த அறையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருப்பார்கள். முதல் அறையில் மட்டும் தேவன் இருந்தார் என்று சொல்ல எனக்கு நா எழாது. ஆனால் இனிப்புக் கொடுத்த அந்த அம்மாள், மொழியும் தெரியாமல் உறவும் இல்லாமல், ஒரு கிண்ணம் பருப்பும் சோறும் எடுத்துக்கொண்டு அடுத்த அறைக் கதவைத் தட்டியதைப் பார்த்தேன். நான் தேடுவதானால் அந்த மாதிரி இடத்தில்தான் தேடுவேன்.

வேலூர்க்காரர்கள் எதற்கெடுத்தாலும் ஐடா ஸ்கட்டர் கதையைச் சொல்லுவோம், பொறுத்துக்கொள்ளுங்கள். இராணிப்பேட்டையில் பிறந்த அந்தப் பெண்ணுக்கு இந்த ஊரில் ஊழியம் செய்யும் எண்ணமே இல்லை. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக வந்து, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவியரைக் காப்பாற்றக் கூப்பிட்டார்கள். பெண் வைத்தியர் இல்லாததால் அந்தப் பெண்கள் மூவரும் இறந்தார்கள். ஐடா மருத்துவம் படித்து 1900-இல் வேலூரில் வேலையைத் தொடங்கியது, 1902-இல் 40 படுக்கைகளோடு மருத்துவமனை எழுந்தது, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது எல்லாம் பின்கதை. எனக்கு அந்த முதல் இரவுதான் முக்கியம். அன்று அவரால் யாருக்கும் ஒன்றும் செய்ய இயலவில்லை. வெளிச்சமும் தோன்றவில்லை; கதவைத் தட்டும் சத்தம் மட்டும் மூன்று முறை கேட்டது.

ஆகையால், சகோதரி, நீங்களும் ஒரு கதவைத் தட்டுங்கள். சபையில் எழுந்து கேட்கத் துணிவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஜெபக்குறிப்பாகக் கொடுக்க வேண்டாம். அது பட்டியலில் ஓர் எண்ணாகிவிடும். வாரத்தில் ஓர் இரவு வந்து படுத்துக்கொள்ள இரண்டு பேர் வேண்டும் என்று ஆயரம்மாவிடம் நேராகச் சொல்லுங்கள். மோசேயின் கைகள் அசந்துபோனபோது ஆரோனும் ஊர் என்பவனும் செய்தது ஜெபமல்ல. அவன் உட்காரக் கல்லை வைத்துக் கையைத் தாங்கிப் பிடித்ததுதான்.

பதில் 4: ஓய்வுபெற்ற செவிலியர், சத்துவாச்சாரி

மூன்று செய்திகளை மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன், தங்கச்சி. ஜெபத்தில் மட்டுமல்லாமல் சாப்பாடு, பிள்ளைகள், பாட்டு என்று எதிலுமே ருசி இல்லாமல் போய், காரணமின்றி அழுகையும் வந்தால், அதை விசுவாசக் குறைவு என்று எண்ணிக்கொண்டிராமல் மருத்துவரிடம் காட்டுங்கள். மனச்சோர்வுக்கு மருந்து உண்டு. இரண்டாவது, காற்று மெத்தை வாங்கியிருந்தாலும் மாமியாரைப் புரட்டுவதை நிறுத்தக் கூடாது. ஆனால் இரவில் இடைவெளியைக் கொஞ்சம் கூட்டலாமா என்று அவருடைய தோலைப் பார்த்து மருத்துவமனையில் சொல்லுவார்கள், கேளுங்கள்.

மூன்றாவது, உங்கள் மாமியாரின் பேச்சைப் பற்றியது. வலது பக்கம் விழுந்து பேச்சும் போனால், மூளையின் இடது பக்கத்தில் அடி என்று பொருள். அப்படிப்பட்டவர்களில் சிலர், தண்ணீர் வேண்டும் என்று கேட்க முடியாதவர்களாக இருந்தாலும், சிறு வயதிலிருந்து மனப்பாடமான பாட்டையும் ஜெபத்தையும் கூடச் சேர்ந்து சொல்லுவார்கள். யோசித்துச் சொல்லும் பேச்சு வேறு, பழகிப்போய்த் தானாக வரும் பேச்சு வேறு. எல்லாருக்கும் வரும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். அவர் பல்லவி பாடி வளர்ந்த தலைமுறையாக இருந்தால், புரட்டும்போது பரமண்டல ஜெபத்தை மெதுவாக, சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். அவருக்காக ஜெபிப்பதாக எண்ணாமல் அவரோடு சேர்ந்து சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்: காட்பாடி சகோதரி (16 நாட்களுக்குப் பிறகு)

எல்லாருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி இரவு 11 மணிக்குத் தேடிப் பார்க்கிறேன். முதல் நான்கு நாட்கள் ஒன்றும் தென்படவில்லை. ஐந்தாம் நாள், பகலில் பார்த்துக்கொள்ளும் அம்மாள் எனக்காக ஒரு தட்டில் முள்ளுக் கத்தரிக்காய்க் கடைசலும் களியும் மூடி வைத்துவிட்டுப் போயிருந்ததைக் கண்டேன். அவர் அப்படி வைப்பது அன்றுதான் முதல் முறையா என்று மறுநாள் கேட்டேன். "என்னம்மா இப்படிக் கேட்கிறீங்க, வாரத்துல ரெண்டு நாள் வைக்கிறேனே" என்றார்.

ஆயரம்மாவிடம் சொன்னேன். பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து இருவர் வெள்ளிக்கிழமை இரவு வந்து தங்குகிறார்கள். முதல் வெள்ளியன்று பத்து மணிக்குப் படுத்தவள் ஐந்தரை மணிக்குத்தான் எழுந்தேன். எழுந்ததும் தேவ சமுகத்தையெல்லாம் உணரவில்லை, பசிதான் தெரிந்தது.

செவிலியர் அக்கா சொன்னதையும் செய்துவருகிறேன். ஒரு வாரமாக நான் மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். நேற்று இரவு மூன்று மணிக்கு, இடது பக்கமாகத் திருப்பி முதுகுக்குத் தலையணை கொடுத்துக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தபோது, பாதியில் எனக்குக் கொட்டாவி வந்து வரி விட்டுப்போயிற்று. இருட்டில், தடித்துக் குழறிய குரலில், "நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்று அவர் சொன்னார். அடுத்த வரி அவருக்கு வரவில்லை. அதை நான் சொன்னேன்.