முழங்கால் ஆபரேஷன் செய்த பெட்டைக் குதிரையை வாங்கலாமா?

கந்தப்பளைக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். நான் நுவரெலியாவில் கிரகரி வாவிப் பக்கம் குதிரைச் சவாரி விடுகிறேன். பன்னிரண்டு வருசமாக இதுதான் தொழில்.

ஒரு பெட்டைக் குதிரை விலைக்கு வந்திருக்கிறது. 9 வயது, செம்பழுப்பு நிறம், நல்ல குணம். இந்தியாவில் ரேஸ் ஓடிவிட்டு இங்கே வந்தது. அங்கே 4 வயதில் வலது முன்னங்கால் முழங்காலில் எலும்புச் சில்லு உடைந்து, துளை போட்டு கமரா விட்டு எடுத்திருக்கிறார்கள். உடையவர் எதையும் மறைக்கவில்லை, பழைய கடதாசியையும் காட்டினார். ஆறரை லட்சம் கேட்கிறார்.

நான் கையால் தடவிப் பார்த்தேன். முழங்காலின் முன்பக்கம் அரிசிமணி அளவில் இரண்டு தழும்பு, அந்த இடத்தில் மட்டும் வெள்ளை மயிர் முளைத்திருக்கிறது. சூடு இல்லை. ஆனால் இடது முழங்காலை விட வலதில் கொஞ்சம் தடிப்பு தெரிகிறது. நடத்தியும் ஓட்டியும் காட்டினார், ஒரு குறையும் தெரியவில்லை. அப்போது பகல் பதினொரு மணி, நல்ல வெயில்.

எனக்குப் பயம் எங்கே என்றால், இதற்கு முன் வைத்திருந்த குதிரைக்கும் மூட்டுத்தான் போனது. தை மாசப் பனியில் விடிய லாயத்தைத் திறந்தால், முதல் அடி வைக்க யோசித்துக்கொண்டு நிற்கும். நான் அதைக் குளிர் என்று நினைத்து இழுத்துக்கொண்டு போனேன். ஆறு மாசம் அப்படியே ஓட்டினேன். அந்த முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பிறகு சவாரியை நிறுத்தி, விற்க மனம் வராமல், சாகும் வரைக்கும் வீட்டில் கட்டித் தீனி போட்டேன். இன்னொரு உயிரை அந்த நிலைக்குக் கொண்டுபோக எனக்கு விருப்பம் இல்லை. ஏப்ரல் சீசனுக்கு ஒரு குதிரை கட்டாயம் வேண்டும் என்பதும் உண்மை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மிருக வைத்தியர், கண்டி:

தம்பி, ஆபரேஷன் நடந்தது என்பதற்காக மட்டும் தள்ளிவிட வேண்டாம். ரேஸ் குதிரைகளுக்கு முழங்காலில் சில்லு உடைவது சாதாரணமாக நடப்பது. பாய்ச்சலில் மூட்டு பின்பக்கமாக அளவுக்கு மீறி வளையும்போது எலும்பின் முன் ஓரம் நசுங்கி உடைகிறது. சில்லு சின்னதாக இருந்து, சீக்கிரமே எடுத்துவிட்டால் திரும்ப ரேஸ் ஓடுகிற குதிரைகளே நிறைய உண்டு. கெடுதல் தழும்பில் இல்லை, உள்ளே இருக்கும் குருத்தெலும்பில். அது தேய்ந்திருந்தால் திரும்ப வளராது, வருசம் போகப் போக மூட்டு வாதம்தான்.

அதனால் இன்றைய எக்ஸ்ரே வேண்டும், இரண்டு முழங்காலுக்கும். பழைய எக்ஸ்ரே இருந்தால் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு நேரடியாகத் தெரியாது. மூட்டு இடைவெளி குறைந்திருக்கிறதா, ஓரத்தில் புது எலும்பு முளைத்திருக்கிறதா என்பதை வைத்துத்தான் சொல்லலாம். பேராதனை மிருக வைத்திய பீடத்தில் விசாரியுங்கள். ஆனால் றம்பொடை வளைவுகளில் லொறியில் குதிரையை இறக்கி ஏற்றுவதை விட, கையில் தூக்கும் மெஷினோடு வருகிற வைத்தியர் கிடைத்தால் நல்லது.

மடக்கிப் பார்க்கிற சோதனையைக் கட்டாயம் செய்யச் சொல்லுங்கள். முன்னங்காலைத் தூக்கி, முழங்காலை முழுசாக மடக்கி ஒரு நிமிசம் பிடித்து, விட்ட உடனே நேர்கோட்டில் ஓட்ட வேண்டும். நோகிற கால் தரையில் படும்போது தலை மேலே எழும்பும். ஓரிரு அடியில் சரியாகிவிட்டால் பெரிதாக எடுக்க வேண்டாம். தொடர்ந்து நொண்டினால் யோசியுங்கள்.

இன்னொன்று. மூட்டுக்குள் ஸ்டீரோயிட் ஊசி போட்டால் வாரக்கணக்கில், சில நேரம் மாசக்கணக்கில் வலி அடங்கியிருக்கும். வலிமருந்து கொடுத்தும் நடத்திக் காட்டலாம். இவர் அப்படிச் செய்தார் என்று சொல்லவில்லை. பரிசோதனை நாளிலேயே இரத்தம் எடுத்து வைக்கலாமா என்று கேளுங்கள், நேர்மையான ஆள் சம்மதிப்பார்.

பழைய ரேஸ்கோர்ஸ் ஆள்:

டொக்டர் சொன்னது அத்தனையும் சரி. தம்பி, நீ பகல் பதினொரு மணிக்குப் பார்த்தது பார்வையே இல்லை. அதற்குள் மூட்டுச் சூடாகி இளகிவிடும். சொல்லாமல் விடிய ஆறு மணிக்குப் போ. இரவெல்லாம் கட்டிக் கிடந்த குதிரையை வெளியே எடுத்து, முதல் இருபது அடியைப் பார். அப்புறம் இறக்கத்தில் நடத்து. குதிரையின் பாரத்தில் பாதிக்கு மேல் முன்னங்காலில்தான், இறக்கத்தில் அது இன்னும் கூடும். நம்ம ஊரில் மேடு பள்ளம் இல்லாத ரோட்டு ஏது?

லாடத்தையும் பார். குளம்பு முன்பக்கம் நீண்டிருந்தால் மேலே இருக்கிற மூட்டுக்கெல்லாம் இழுவை. வாங்கினாலும் தார் ரோட்டில் ஓட்டாதே, புல்லில் நடத்து. 450 கிலோ குதிரைக்குச் சேணத்தோடு 90 கிலோ என்பது நல்ல காலுக்கு உள்ள கணக்கு. இந்தக் காலுக்கு 60க்கு மேலே ஏற்றாதே.

கந்தப்பளைக்காரன்:

டொக்டர் ஐயாவுக்கும் அண்ணனுக்கும் நன்றி. இன்று விடிய ஆறு மணிக்குப் போனேன். புல்லெல்லாம் பனி. உடையவர் இன்னும் முகம் கழுவவில்லை, ஆனாலும் கோபப்படாமல் கயிற்றை என் கையில் கொடுத்தார்.

முதல் பத்துப் பன்னிரண்டு அடி வலது காலைக் குட்டையாகத்தான் வைத்தது. கால்மணி நேரம் நடத்திய பிறகு சரி. இரண்டு முழங்காலையும் மடக்கிப் பார்த்தேன். இடது பக்கம் குதி மேலே முழங்கையைத் தொடுகிறது, வலது பக்கம் இரண்டு விரல் இடைவெளி விட்டு நின்றுவிட்டது. அதற்கு மேல் நான் அழுத்தவில்லை. காதைப் பின்னுக்கு மடக்கிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தது. ஒரு நிமிசம் பிடித்து ஓட்டியதில் நாலு அடி தலை எழும்பியது, அப்புறம் இல்லை. இறக்கத்தில் நிதானமாக வந்தது, தடுமாறவில்லை.

இரத்தம் எடுக்கச் சம்மதித்துவிட்டார். சனிக்கிழமை வைத்தியர் வந்து எக்ஸ்ரே எடுக்கிறார், செலவு என்னுடையது. மூட்டு இடைவெளி நன்றாக இருந்தால் ஐந்து லட்சத்துக்குக் கேட்கப் போகிறேன், பிள்ளைகளை மட்டும் ஏற்றி, புல்லில் மட்டும் நடத்துவேன். இடைவெளி குறைந்திருந்தால் இந்த சீசன் குதிரை இல்லாமலே போகட்டும். சனிக்கிழமை வரைக்கும் வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். படம் கைக்கு வந்ததும் இங்கே போடுகிறேன், டொக்டர் ஐயா ஒருமுறை பாருங்கள்.