பழைய ஸ்பீடு போட்: எஞ்சினைப் பெரிதாக்கலாமா?

கேள்வி:
24 அடி படகு ஒன்று பார்த்திருக்கிறேன். ஒற்றை 5.7 லிட்டர் வி8, ஆல்ஃபா டிரைவ் (எஞ்சின் திறனை ப்ரொப்பெல்லருக்குக் கடத்தும் பின்பக்கக் கியர் அமைப்பு). வேகம் எனக்குப் போதாது, வாங்கிவிட்டு 7.4 லிட்டர் எஞ்சின் போடலாம் என்று எண்ணம். சரிதானே?

பதில் 1:
அவசரப்படாதீர்கள். ஆல்ஃபா சுமார் 300 குதிரைத்திறன் வரைதான் தாங்கும், அதற்கு மேல் கொடுத்தால் கியர் பல் உதிரும், அதைவிட வலுவான பிராவோ டிரைவுக்கு மாற வேண்டிவரும், பின்பக்க எடையும் ஏறும். இத்தனைக்கும் திறனை 20 சதவீதம் கூட்டினால் வேகம் 10 சதவீதம் கூடினாலே அதிகம். பெரிய எஞ்சினோடு வரும் படகையே தேடுங்கள்.

பதில் 2:
எஞ்சின் கிடக்கட்டும், முதலில் டிரான்சமை, அதாவது டிரைவ் பொருத்தியிருக்கும் படகின் பின்சுவரை, தட்டிப் பாருங்கள். நல்ல மரம் 'டக்' என்று கேட்கும், ஊறிப்போனது 'பொத்' என்று. நான் பளபளப்பில் மயங்கி வாங்கியதில் எஞ்சின் மவுண்ட் போல்ட் விரலாலேயே சுழன்றது, உள்ளே மரம் டீயில் நனைத்த பிஸ்கட் மாதிரி. டிரைவ் ஆயிலையும் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள், பால் நிறமென்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

கேட்டவர்:
டிரான்சம் 'டக்' தான்! ஆனால் ஓட்டிப் பார்த்தபோது முழு த்ராட்டிலில் எஞ்சின் 4,100 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) தாண்டவில்லை.

பதில் 1:
அட, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. இந்த வகை எஞ்சின்கள் பலவும் 4,400 முதல் 4,800 வரை போக வேண்டும், வேகம் போதாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். கம்ப்ரெஷன் (சிலிண்டர்களின் அழுத்தம்) சோதித்துவிட்டு, அது சரியென்றால் பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய தூரம்) 2 அங்குலம் குறைந்த ப்ரொப்பெல்லரை இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கள், அங்குலத்துக்கு 150-200 ஆர்பிஎம் ஏறும்.