வயலை மூடிய செம்மண்: உங்கள் ஊரில் நடந்ததையும் எழுதுங்கள்

தஞ்சாவூருக்குக் கிழக்கே எங்கள் ஊர். பன்னிரண்டு மா நிலம், அதாவது 4 ஏக்கர். கீழ்ப்புறம் ஒட்டியிருந்த வயல் ஐந்து வருஷமாகத் தரிசு. பிள்ளைகள் வெளியூரில், பார்க்க ஆள் இல்லை. ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் டிப்பர் டிப்பராக வல்லத்துச் செம்மண் வந்து இறங்குகிறது, ரோட்டு மட்டத்துக்கு ஏற்றி மனை போடப்போகிறார்களாம்.

எங்கள் மண் எப்படி இருக்கும் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காவிரி கொண்டுவந்து போட்ட வண்டல், நனைந்தால் காலை விடாது, கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும், அந்த வெடிப்பு வழியாகத்தான் முதல் தண்ணீர் உள்ளே இறங்கும். அதன்மேல் நாலடிக்குச் சரளையும் செம்மண்ணும் கொட்டி ரோலர் ஓட்டினார்கள். வரப்பில் நின்று பார்த்த சித்தப்பா, "இனி இதைத் தோண்டி எடுத்தாலும் வயலாகாதுடா" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

அதோடு போகவில்லை. எங்கள் தண்ணீர் கிழக்கே வடிகிற கன்னி வாய்க்காலும் சேர்ந்து மூடிவிட்டது. நவம்பர் மழையில் நாலு நாள் தண்ணீர் நின்று, தூர் கட்டிக்கொண்டிருந்த சம்பா மூன்று மாவில் அழுகிப்போனது, அந்த வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது. புலப்படத்தில், அதாவது சர்வே வரைபடத்தில், அந்த வாய்க்கால் புறம்போக்கு என்று தெளிவாக இருந்ததால் நகலோடு குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தோம். கடைசியில் ஒரு குழாய் பதித்தார்கள், பழைய அகலத்தில் பாதிகூட வராது.

2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்த சட்டம் வந்தபோது நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். அதன் தடைப் பட்டியலில் எண்ணெய், எரிவாயு ஆய்வு, உருக்காலை, தோல் பதனிடுதல் எல்லாம் உண்டு. வீட்டுமனை இல்லை. என்னைக் கேட்டால் அதுதான் பெரிய ஓட்டை.

பதில், கோவையிலிருந்து:

உங்களுக்கு மேலே கொட்டினார்கள், எங்களுக்கு அடியோடு எடுத்தார்கள். தடாகம் பள்ளத்தாக்கில் செங்கல் சூளைக்குச் செம்மண் தோண்டித் தோண்டி, தென்னை மரம் நிற்கிற மேடு மட்டும் தீவு மாதிரி மிஞ்சிய இடங்களை நானே பார்த்திருக்கிறேன். ஓடையெல்லாம் துண்டு துண்டாகிவிட்டது. சூளைக்கு எரிக்க அடுக்கிய பனைமரத்தைத் தின்ன யானை வரும், போகிற வழியில் பள்ளம். உரிமம் இல்லாத சூளைகளை 2021-ல் மூடினார்கள், சரி, நிம்மதிதான். ஆனால் குழி குழியாகத்தான் கிடக்கிறது. ஓர் அங்குல மேல்மண் உண்டாக நூற்றுக்கணக்கான வருஷம் ஆகும், அதை ஒரு மணி நேரத்தில் வாரிவிடுகிறது ஜேசிபி.

பதில், செங்கல்பட்டிலிருந்து:

நான் மனை வாங்கியவன், அதையும் சொல்லிவிடுகிறேன். 2016 செப்டம்பரில் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று உயர் நீதிமன்றம் தடை போட்டதே, அப்போது பயந்துபோய் அங்கீகாரம் உள்ளதாகவே தேடி வாங்கினேன். அப்புறம்தான் அதுவும் ஏரிப் பாசன வயல் என்று தெரிந்தது. கடைக்கால் தோண்டும்போது மேஸ்திரியிடம் சொல்லி மேல் ஓரடி மண்ணைத் தனியாகக் குவிக்கச் சொன்னேன், தார்ப்பாய் போட்டு மூடிவைத்தேன். அவருக்கு எரிச்சல், அரை நாள் வேலை கூடுதல். வீடு முடிந்ததும் அதையே கொல்லையில் பரப்பினேன். முருங்கையும் அவரையும் நன்றாக வந்திருக்கின்றன. பக்கத்து வீட்டில் கட்டடக் கழிவு கலந்த சவுடு அடித்தார்கள், அங்கே துளசிகூடப் பிடிக்கவில்லை. வீடு கட்டுகிற யாராக இருந்தாலும் இதை மட்டுமாவது செய்யுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து மறுபடி:

செங்கல்பட்டு அண்ணன் சொன்னதைச் சித்தப்பாவிடம் படித்துக் காட்டினேன். தெற்கே இன்னொரு வயலும் விலை பேசியாகிவிட்டது. வாங்குகிறவரை நேற்று பார்த்தோம். செம்மண் அடிப்பதற்கு முன்னால் மேல் ஓரடி வண்டலை எங்கள் பள்ள வயலுக்கு எடுத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார், வாய்க்காலையும் விட்டுவிடுவதாகச் சொன்னார், அதை எழுதி வாங்கப்போகிறோம். ஏரி, குளத்து வண்டலுக்கு வட்டாட்சியரிடம் அனுமதி வாங்குவார்கள், இது பட்டா நிலத்து மண். இதற்கு யாரிடம் மனு கொடுக்க வேண்டும்? செய்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், தை அறுவடை முடிந்ததும் டிராக்டர் வருகிறது.